சுமைதாங்கிமேட்டுக் கனவான்கள்

சத்தியம், சத்தியம், மூன்றாம் முறையும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு வெற்றிலையோடு சேர்ந்து இப்போதே வெந்துபோகட்டும். என் தலைமேல் ஒரு கை, எரிகிற கற்பூரத்தின்மேல் ஒரு கை, உங்கள் தலைமேல் ஒரு கை வைத்துச் சொல்கிறேன். மூன்றாவது கை ஏதென்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கேட்காதவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஆட்களின் பேரை மாற்றியிருக்கிறேன், ஊரின் பேரையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. எடைமேடையின் சிவப்பு எண்ணை இந்த ரெண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்க்காமல் எப்படி? லாரியை ஏற்றி எடை போடுகிற அந்த மேடைக்குப் பட்டன் அமுக்குகிற வேலையில் இருந்தவனே நான்தான்.

ஊரைச் சுமைதாங்கிமேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையோரத்து லாரி ஊர். வீட்டுக்கொரு டிரைவர், தெருவுக்கொரு பட்டறை. வண்டி ஓட்டுகிற ஆண்பிள்ளைகள் நாசிக்குக்கும் கல்கத்தாவுக்கும் போய்விட்டு, பிள்ளைக்குக் காது குத்துகிற அன்றைக்கு வந்து இறங்கி, காதுப் புண் ஆறுவதற்குள் மறுபடி போய்விடுவார்கள். வண்டி ஓட்டாதவர்கள் லோடு ஏற்றி லோடு இறக்குவார்கள். ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கல் எடைமேடைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ரெண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியது. எந்தக் காலத்திலோ வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன ஒருத்திக்காக வைத்தது. அவள்தான் பாரத்தை இறக்காமலே போனாள், வழியில் வருகிறவர்களாவது தலைச்சுமையை இதன்மேல் இறக்கி மூச்சு வாங்கட்டும் என்று. அந்தக் கல்லுக்கு ஒரு சட்டமும் உண்டு. தலையில் சுமையோடு வருகிறவர் "ஒரு கை குடுங்க" என்று கேட்டால், ஏற்றிவிடவோ இறக்கிவிடவோ, யாராயிருந்தாலும் கை கொடுக்க வேண்டும். பங்காளிச் சண்டை, வாய்க்கால் சண்டை, வெட்டுக்குத்து, எதுவும் அந்த நேரத்துக்குக் குறுக்கே வரக்கூடாது. லோடுமேன்களுக்கு அது சட்டம்கூட இல்லை, மூச்சு மாதிரி. தூக்கத்தில் அவர்கள் காதருகே சொல்லிப் பாருங்கள், கை தானாக எழும்பும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் செங்கோட்டுவேல் என்கிற டிரைவர் வெறும் வண்டியோடு மேடை ஏறினான், எண் முழு லோடு காட்டியது. பின்னால் போய்ப் பார்த்தேன், ஒரு வைக்கோல் துரும்பு இல்லை. மேடை கெட்டுவிட்டதோ என்று வேறொரு வண்டியை ஏற்றினேன், சரியாகக் காட்டியது. அப்புறம் செங்கோட்டுவேலை இறங்கச் சொன்னேன், எண் இறங்கியது. ஏறச் சொன்னேன், ஏறியது.

"ஆளு கனமாயிட்ட போலிருக்குது அப்புனு" என்றேன்.

"ஆமாங்க மாமா" என்றான்.

வேறென்ன பேசுவது? பட்டறைக்குப் போய்ப் பின்பக்க ஸ்பிரிங்கில் ரெண்டு பட்டை கூடப் போட்டுக்கொண்டு போனான்.

எனக்குப் பின்னால் தெரிந்ததை உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் காலையில்தான் அவனும் அவன் மனைவி மைனாவதியும் பெரியாஸ்பத்திரியில் இருக்கிற நம்பிக்கை மையத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் முழுகாமல் இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எடுக்கிற ரத்தத்தை எடுத்துப் பார்த்ததில் எச்.ஐ.வி. இருந்தது, அவனை அழைத்து வரச்சொல்லிப் பார்த்ததில் அவனுக்கும் இருந்தது. திரும்பி வருகிற வழியில், யாருக்கும் சொல்வதில்லை என்று ரெண்டு பேரும் முடிவு செய்தார்கள். முடிவு செய்த இடத்திலேயே பாரம் ஏறிவிட்டது. நோய்க்கு எடை கிடையாது, ஐயா. மறைக்கிறதற்குத்தான் எடை.

அதற்கப்புறம் ஒவ்வொருவராகக் கனத்தார்கள். டெய்லர் சிட்டம்மாவின் முக்காலி உடைந்தது. வாத்தியார் ஒருவர் ஏறினால் டவுன் பஸ் ஒரு பக்கம் சாய்ந்தது. கறிக்கடைக்காரர் மகன் ஊஞ்சலில் உட்கார்ந்தான், விட்டம் முறிந்தது. மண் மட்டும் அவர்களை ஒன்றும் சொல்லாமல் தாங்கியது. பலகை, கம்பி, பாலம் என்று மனிதர் செய்து வைத்தவைதான் தாங்கவில்லை. அவர்களில் யார் எதை மறைக்கிறார்கள் என்று ஊர் கேட்கவே இல்லை. ஊர் வேறொரு கணக்குப் போட்டது. எங்கள் பக்கத்தில் பணக்காரரைக் கனமான கை என்போம், பெரிய மனிதரைக் கனவான் என்போம், செல்வாக்கு உள்ள ஆளை வெயிட்டுப் பார்ட்டி என்போம். அப்புறம் என்ன? சிட்டம்மாவுக்கும் வாத்தியாருக்கும் எங்கேயோ புதையல் கிடைத்துவிட்டது, அடக்கமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று ஊர் தீர்மானித்தது. கல்யாண வீடுகளில் அவர்களுக்கென்று கருங்கல் பலகை போட்டு, ஜமுக்காளம் விரித்து, முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். கோயிலில் முதல் விபூதி அவர்களுக்கு. வாத்தியாருக்கு வயது நாற்பது தாண்டியும் தரகர்கள் ஜாதகத்தோடு வந்து நின்றார்கள். பழைய இரும்பு விற்கிற ஒரு புத்திசாலி, லோடோடு எடை போடுகிறபோது மட்டும் கறிக்கடைக்காரர் மகனை டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து வண்டிக்குள் உட்காரவைத்துக்கொண்டான்; இரும்பு வாங்கியவர்கள் ஒரு பையனின் துக்கத்தையும் சேர்த்து விலை கொடுத்து வாங்கிப் போனார்கள்.

செங்கோட்டுவேலின் அம்மா பாவாயிக்குத்தான் பெருமை பிடிபடவில்லை. மகன் கனம், மருமகளும் கனம். "எம்மருமவ நடந்தா அடுப்படியில அம்மிக்கல்லு குதிக்குதாக்கும்" என்று தெருக்குழாயடியில் சொல்வாள். தெருக்குழாய் என்றால் தண்ணீர் வருகிற குழாய் இல்லை. பெண்கள் கூடிப் பேசுகிற இடம், அங்கே ஒரு குழாயும் நின்றது. அதில் தண்ணீர் வரவைக்கப் போகிறவளே தன் மருமகள்தான் என்பதும் பாவாயியின் பெருமையில் சேர்த்தி. ஏனென்றால் மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகிறபோது மைனாவதி, "கவுன்சிலரைப் பார்த்துட்டு வந்தர்றனுங்க அத்தே" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் சொன்னது நம்பிக்கை மையத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுகிற கவுன்சிலர் அம்மாவை. பாவாயிக்குத் தெரிந்த ஒரே கவுன்சிலர் வார்டு கவுன்சிலர். இத்தனை தடவை போகிறாளே, குழாயைக் கொண்டுவராமல் விடமாட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். தெருவும் குடங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தது.

அந்தக் கவுன்சிலர் அம்மா மைனாவதியிடம் சொன்னது இதுதான். மாத்திரையை ஒரு நாளும் விடாதே. வலி வந்ததும் இங்கே வந்துவிடு. இங்கே பெற்றால், பிறந்த கையோடு பிள்ளை வாயில் மருந்து ஊற்றினால், உன்னிடம் இருப்பது பிள்ளைக்குப் போகாமல் காப்பாற்றிவிடலாம். வீட்டிலேயே பெற்றால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. மைனாவதிக்கு இந்த உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை, வலி வந்ததும் அங்கே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மாதம் ஏற ஏற அவள் பாரமும் ஏறியது, ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஓடைப் பாலம் ஒன்று இருந்தது, மணல் லாரிகள் ஓடி ஓடி விரிசல் விட்ட பாலம். வெறும் வண்டிகள் மட்டும் போகலாம் என்று அதன் தலைமாட்டில் பலகை எழுதி வைத்திருந்தார்கள்.

கனவான்களின் காலம் சிட்டம்மாவோடு முடிந்தது. அவளுக்கு ஒரே அண்ணன், காடையப்பன், லோடுமேன்களுக்கு மேஸ்திரி. ரெட்டை மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் வாங்குகிறவன். தாங்க முடியாமல் ஒரு நாள் அந்தச் சுமைதாங்கிக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தனக்கும் எச்.ஐ.வி. இருப்பதை அவனிடம் சொல்லிவிட்டாள். சொன்னால் பாரம் குறையும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது பாதிதான் உண்மை. கேட்கிறவர் வாங்கிக்கொண்டால்தான் குறையும். காடையப்பன் ஓரடி பின்னால் வைத்தான். அவள் தொட்டிருந்த கையைத் தோள்துண்டால் துடைத்தான். நான் மேடை அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்: அதுவரைக்கும் எல்லாரையும் தாங்கிய மண், அவள் காலுக்குக் கீழே கணுக்கால் ஆழம் இறங்கிக் கொடுத்தது. ஒரு காலைப் பிடுங்கி முன்னால் வைத்தாள், அது புதைந்தது, அடுத்த காலைப் பிடுங்கினாள், அதுவும் புதைந்தது, அப்படியே மேற்கே பார்த்து நடந்து ஊரை விட்டுப் போனாள். மழை வந்து அந்தக் குழிகளில் தண்ணீர் நின்றது. குழிக்கொரு மைனா வந்து குடித்துவிட்டுப் போயிற்று.

காடையப்பன் ஊர் முழுக்கச் சொன்னான், கனம் என்றால் என்னவென்று.

அன்றைக்குச் சாயங்காலமே கல்யாண மண்டபத்துக் கருங்கல் பலகைகள் ஓடையில் கிடந்தன. வாத்தியாரின் ஜாதகத்தைத் தரகர் ஒரு குச்சியால் தள்ளித் திருப்பிக் கொடுத்தார். டீக்கடையில் நேற்று வரைக்கும் கறிக்கடைக்காரர் மகனுக்கு எழுந்து நின்று டீ கொடுத்தவன், இன்றைக்குத் தேங்காய்ச் சிரட்டையைத் தேடினான். அப்புறம் ஊர் கூடியது. கூடி, எங்கள் ஊருக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு யோசனையைப் பிடித்தது. வெளியே போகிறவர்கள், உள்ளே வருகிறவர்கள், எல்லாரும் எடைமேடை ஏறி இறங்க வேண்டும். கனத்தவர்கள் பெட்டி கட்ட வேண்டும். மேடைக்கு அப்பால் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு லாரியை நிறுத்தினார்கள், காடையப்பன் தன் ஆட்களோடு அங்கே உட்கார்ந்தான். மேடைக்கு உரிமையாளர் என்னிடம் எடை போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் மச்சான் வீட்டில் ஒருத்தி கனத்திருந்தாள்.

மைனாவதி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அவள் படுத்திருந்த இடத்தில் சிமென்ட் தரை கிண்ணம் மாதிரி குழிந்துவிட்டது. பாவாயி மருமகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்குப் பழக்கம் இல்லை, அதனால் உதடுகள் மட்டும் நாளெல்லாம் அசைந்துகொண்டிருந்தன. செங்கோட்டுவேல் லோடு எதுவும் எடுக்காமல் வண்டியை வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திக் காத்திருந்தான்.

வலி ஒரு காலை நேரத்தில் வந்தது, வெயில் கூரையேறுகிற நேரம். முதலில் ஆட்டோ. அவள் ஒரு காலை உள்ளே வைத்ததும் அச்சு முறிந்தது, ஆட்டோக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். அடுத்து ஆஸ்பத்திரி வேன் வந்தது. பின் சக்கரம் ரெண்டும் வெடித்தன. கடைசியில் செங்கோட்டுவேல் தன் லாரியின் கதவைத் திறந்தான். பட்டை கூடப் போட்ட வண்டி, அது தாங்கியது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகையில் அவளைச் சாய்த்து, பாவாயியைப் பக்கத்தில் ஏற்றி, வண்டியைத் தெருவில் விட்டான். தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்தன. திறந்த வேகத்தில் மூடின.

எடைமேடையைச் சுற்றிப் போக வழி இல்லை. வண்டி மேடை ஏறியது. வெளியே எல்லாரும் பார்க்கிற மாதிரி பெரிய பெட்டியில் சிவப்பு எண் ஓடும், அது ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, வெறும் வண்டியின் எண்ணைத் தாண்டி, முழு லோடைத் தாண்டி, அந்த மேடை அதுவரை காட்டாத எண்ணுக்குப் போய் நின்றது. மேடைக்குக் கீழே இரும்பு முனகியது. நான் அறையை விட்டு வெளியே வந்தேன். அந்த எண்ணோடு பாலத்தில் இறங்கினால் பாலமும் போகும், வண்டியும் போகும், நான்கு உயிரும் போகும். குறுக்கே நின்ற லாரியை அவர்கள் எடுத்தாலும் அதுதான் கதி. எனக்கு அது தெரியும், செங்கோட்டுவேலுக்கும் தெரியும், காடையப்பனுக்கும் தெரியும்.

காடையப்பன் வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். "எறக்கி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பாலம் தாங்காதுன்னு எண்ணு சொல்லுது. நாங்க சொல்லல" என்றான்.

எனக்குப் பக்கத்தில் கல் நின்றது, ரெண்டு நட்டு ஒன்று கிடத்தியது. இன்னொரு கல்லுக்கு இடம் இருக்கிறதா என்று என் கண் தானாகப் பார்த்தது, பார்த்த கண்ணை நானே திட்டிக்கொண்டேன்.

வண்டிக்குள் மைனாவதி மாமியாரின் கையைப் பிடித்தாள். சிட்டம்மாவின் குழிகள் அந்த ஜன்னலிலிருந்து தெரியும். சொன்னால் பாதியாகலாம், ரெட்டிப்பாகலாம். ரெட்டிப்பானால் மேடையே உள்ளே போகும். ஒரு வலி வந்து போகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். போனதும் சொன்னாள். நோயின் பேரைச் சொன்னாள், தனக்கும் அவருக்கும் என்று சொன்னாள், ஒவ்வொரு மாதமும் போனது அதற்குத்தான் என்று சொன்னாள், இன்றைக்கு அங்கே போய்ச் சேர்ந்தால் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்று சொன்னாள்.

எண் அசையவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த எண்ணும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பிறகு பாவாயி கேட்டாள், "அப்பொ நீ பார்க்கப் போனது வார்டு கவுன்சிலரை இல்லியா?"

"இல்லீங்க அத்தே."

"அப்பொ தண்ணிக் குழாய்?"

"வராதுங்க அத்தே."

"தெருப் பூராவும் சொல்லி வெச்சுட்டேனேடி" என்றாள் பாவாயி. அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "எத்தன மாசமாடி இத ஒண்டியாத் தூக்கிட்டுத் திரிஞ்ச? நான் ஒருத்தி வூட்டுல உக்காந்து தின்னுட்டுத்தான இருந்தேன்? நகரு. கால என்ற மடிமேல நீட்டு."

அவள் உட்கார்ந்திருந்த பலகை கிறீச்சிட்டு ஒரு விரற்கடை இறங்கியது. வெளியே எண் தடதடவென்று சரிந்தது, பாதிக்கு வந்தது, நின்றது. செங்கோட்டுவேல் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், போதாது என்று. பாலத்துக்கு இன்னும் போதாது.

அடுத்த வலி முன்னதைவிடப் பெரியது. மைனாவதிக்கு அப்போது யார் நிற்கிறார்கள், எதற்கு நிற்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் இல்லை. சின்ன வயதிலிருந்து விறகுக்கட்டும் தண்ணீர்க்குடமும் சுமந்தவள். தாங்க முடியாத பாரம் வந்தால் வாய் எதைச் சொல்லிப் பழகியதோ அதைச் சொன்னது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள்.

"ஒரு கை குடுங்க அண்ணா."

அதற்குள் அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தது காடையப்பன். நினைத்துப் பார்த்து அவன் கொடுத்தான் என்று நான் சொல்லமாட்டேன், சத்தியம் செய்திருக்கிறேன். நினைத்திருந்தால் கொடுத்திருக்கமாட்டான். அந்தச் சொல் காதில் விழுந்தது, இருபது வருஷத்துக் கை தானாக எழுந்தது, தோளைக் கொடுத்து, முழங்காலை மடக்கி, மூட்டை வாங்குகிற நிலைக்கு உடம்பு போய்விட்டது. அவள் விரல் அவன் விரலைப் பிடித்தது. பாரம் இறங்கியது. ரெட்டை மூட்டை வாங்குகிறவன் ஒற்றை முழங்காலில் போய் விழுந்தான்.

விழுந்தவன் கையை விடவில்லை. சுமை வாங்கியபிறகு விடுவது லோடுமேனுக்குத் தெரியாது. அவன் முகம் நிறம் மாறியதை நான் பார்த்தேன். "சிட்டு இதையா தூக்கிட்டுப் போனா" என்றான், யாரிடமும் இல்லை. கொஞ்சம் கழித்து, "அவ கேக்கலியே. கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தான். கூடப்பிறந்தவள் அண்ணனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டுமா என்று அவனுக்கே தோன்றியிருக்கும், மீதியைச் சொல்லவில்லை.

சொல்லாமல், பின்னால் திரும்பி, தன் ஆட்களிடம் மூட்டை அடுக்குகிற கிடங்கில் போடுகிற சத்தத்தைப் போட்டான். "ஒரு கை குடுங்கடா!"

மேஸ்திரி முழங்காலில் நிற்க எந்த லோடுமேன் சும்மா நிற்பான்? ஒருவன் அவன் தோளைப் பிடித்தான், அவன் இடுப்பை இன்னொருவன் பிடித்தான், அவனை மற்றொருவன். பட்டறைக்காரர்கள் கிரீஸ் கையோடு ஓடி வந்தார்கள், குழாயடிப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள், வாத்தியார் வந்தார், கறிக்கடைக்காரர் மகன் வந்தான். கனத்தவர்கள் கைவைத்தபோது எண் ஏறும் என்று பயந்தேன், ஏறவில்லை, அவர்கள் பாரத்தையும் பக்கத்திலிருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டார்கள். கை கைக்கு மாற்றி, கை கைக்கு மாற்றி, செங்கல் இறக்குகிற மாதிரி அந்தப் பாரம் ஊருக்குள் போய்க்கொண்டே இருந்தது. எல்லாரும் கொடுத்தார்கள் என்று சொன்னால் என் நாக்கு வேகும். டீக்கடைக்காரன் ஷட்டரை இறக்கினான். நாலைந்து வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. கை கொடுத்தவர்களிலும் ரெண்டு பேர் அழுதுகொண்டே கொடுத்தார்கள், கை கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்துகொண்டே. பயந்துகொண்டு கொடுத்த கையும் கைதான்.

எண் வெறும் வண்டியின் எண்ணுக்கு வந்தது. வந்து, அதற்குமேல் மூன்று ஆளும் ஒரு வயிறும் என்ன எடை இருக்குமோ அதில் நின்றது.

"போ!" என்றேன். நான் வாழ்க்கையில் கத்திய ஒரே தடவை அது.

குறுக்கு லாரியை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை, அது அங்கே இல்லை. செங்கோட்டுவேல் பாலத்தில் முதல் கியரில் இறங்கினான். நாங்கள் எல்லாரும் மேட்டில் நின்று பார்த்தோம். நடுப்பாலத்தில் காரை உதிர்ந்து ஓடையில் விழுந்த சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. பாலம் ஒரு தடவை இருமியது. முன் சக்கரம் அக்கரை மண்ணைத் தொட்டது, பின் சக்கரம் தொட்டது, அதற்கப்புறம்தான் காடையப்பன் எழுந்திருக்க முயன்றான். எழ முடியவில்லை, நாலு பேர் தூக்கிவிட்டோம்.

பெண் பிள்ளை. நர்சம்மா தராசில் போட்டபோது பிள்ளை எடை பிள்ளை எடையாக இருந்தது, ஒரு அரிசி எடைகூடக் கூடுதல் இல்லை. பிறந்த கையோடு மருந்தை வாயில் ஊற்றினார்கள். அப்புறமும் நிம்மதி உடனே வந்துவிடவில்லை. நாள்தவறாமல் மருந்து ஊற்றி, தவழ்ந்தபோது ஒரு தடவை ரத்தம் பார்த்து, நடந்தபோது ஒரு தடவை பார்த்து, முடிவு சொல்கிற கடைசித் தடவைக்குப் பாவாயியே இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். ஒன்றும் இல்லை என்று கவுன்சிலர் அம்மா சொன்னதும், பாவாயி அந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதான் அந்தக் கவுன்சிலரா, குழாய்தான் வரல, போச்சாது போங்க" என்றாளாம். பிள்ளையைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஊர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஊர் முழுக்க ஆளுக்குக் கொஞ்சம் கனம். எங்கள் ஊரில் இன்றைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி விற்காது, செருப்பு சீக்கிரம் தேயும், டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் கொஞ்சம் தாழ்ந்து கிளம்பும். மாத்திரைக்குப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் போவானேன், இவ்வளவு பேர் ஒரே பஸ்ஸில் வந்தால் பாலம் தாங்காது என்று அங்கேயே யோசித்து, மாதத்துக்கு ஒரு நாள் வேனை இங்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் வருகிறார்கள். நர்சம்மா மருந்துப் பெட்டியை இறக்கி வைக்க இடம் தேடினார், சுமைதாங்கிக் கல் சரியான உயரத்தில் இருந்தது. கவுன்சிலர் அம்மா என்னுடைய மேடை அறையில் உட்காருவார். கதவைச் சாத்திக்கொள்வார், உள்ளே பேசுவது எனக்குக் கேட்காது, கேட்டாலும் கேட்காது. உள்ளே போகிறவர்கள் மேடையில் ஏற வேண்டிய அவசியமும் இல்லை. பட்டனை நான் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு கூத்து. சுமைதாங்கிமேட்டு ஜனம் கூட்டம் கூட்டமாகக் கவுன்சிலரைப் பார்க்கப் போகிறது, பார்த்துவிட்டு முகம் தெளிந்து வருகிறது என்கிற செய்தி வார்டு கவுன்சிலர் காதுக்குப் போயிற்று. எவனோ புதிதாகக் கிளம்பிவிட்டான், அடுத்த தேர்தலில் என் கதை முடிந்தது என்று அந்த மனிதர் அலறிக்கொண்டு வந்து, ஒரே வாரத்தில் தெருக்குழாயில் தண்ணீர் வரவைத்தார். பாவாயி முதல் குடத்தைப் பிடித்தாள். "எம்மருமவ சொன்னாச் சொன்னதுதானாக்கும்" என்றாள்.

காடையப்பன் பிள்ளை பிறந்த மறுநாளே கிளம்பினான். மேற்கே அந்தக் குழிகளைப் பிடித்துக்கொண்டு நடந்தான், குழிக்குள் தன் காலை வைத்து வைத்து. எவ்வளவு தூரம் போனானோ தெரியாது. அவன் போகப் போக, அவன் கால் வைத்த குழிகள் ஒவ்வொன்றாக மேடேறி மூடிக்கொண்டதை மாடு மேய்த்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது ரெண்டு பேர் வந்தார்கள். வந்த வழியில் தடம் இருந்தது, சாதாரணத் தடம், காற்றடித்தால் அழிகிற தடம். சிட்டம்மா புது முக்காலி செய்துகொண்டாள்.

அவ்வளவுதான். இதை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், கூட்டியும் சொல்லுங்கள், எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் யார் சொன்னதென்று கேட்டால் வாயைத் திறக்கக்கூடாது. எடைமேடைக்காரன் என்றும் சொல்லாதீர்கள், வெற்றிலை போடுகிற கிழவன் என்றும் சொல்லாதீர்கள். அவனுக்கு எப்படி உள்கதை எல்லாம் தெரியும், அவன் எதற்கு அந்தப் பட்டனைப் பிடுங்கி வைத்தான், மாதத்தில் அந்த ஒரு நாள் கதவுக்கு எந்தப் பக்கம் உட்காருகிறான் என்று அடுத்த கேள்வி வரும். எழுந்திருக்கிறபோது உங்கள் முழங்கால் லேசாக முனகினால் பயப்படாதீர்கள். நெருங்கி உட்காருங்கள் என்றேன், உட்கார்ந்தீர்கள், கடைசி வரைக்கும் பின்னால் நகராமல் கேட்டீர்கள். எனக்கு இப்போது எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா?